பனிமலைக்கு ஒரு மரக்காணம் கார்

அந்த மழை மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. உப்பளங்கள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. தை பிறந்து வெயில் திரும்பும் வரை அப்பாவுக்கு வேலை கிடையாது. தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியலைப் பார்க்கக் காலையில் ஒருமுறை போவார், மாலையில் ஒருமுறை போவார். "அது என்ன, எழுந்து ஓடிடப் போவுதா?" என்று அம்மா கேட்பாள். அவளும் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நான் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

கார் அப்பாவுடையது. சின்ன பெட்ரோல் கார். உப்பளம், திண்டிவனம், புதுச்சேரி, எப்போதாவது கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு, அதற்குமேல் போனதில்லை. அதை நான் இமாச்சலத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இறாலைப் பதப்படுத்தி உறையவைக்கும் ஆலை ஒன்றில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஆப்பிள்களைச் சேமித்துவைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் இன்னும் பெரிய இயந்திரங்களுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எழுதிப்போட்டேன், கிடைத்தது. ஊர் கீழே இருக்கிறது, கிடங்கு மேலே. நடுவில் இருப்பது மலைச்சாலை. பனி விழுந்தால் பஸ் நின்றுவிடும். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் குளிர்காலத்தில் பாதி நாள் மேலே ஏற முடியாமல் விட்டுவிட்டுப் போனாராம். "சொந்த வண்டி உண்டா, நீங்களே ஓட்டுவீர்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உண்டு, ஓட்டுவேன் என்றேன். இரண்டும் உண்மைதான், ஆனால் மரக்காணம் வரைக்கும்தான் உண்மை.

கார் அங்கே ஓடாவிட்டால் எனக்கு வேலை நிலைக்காது. இதை அம்மாவும் புரிந்துகொண்டிருந்தாள். அதனால்தான் காரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரியும். "பழைய வண்டிடி அது. மலையெல்லாம் ஏறுமா?" என்பாள்.

சென்னைக்கு வெளியே கார் ஏற்றும் லாரிக்காரர்களிடம் பேசி வைத்திருந்தேன். அவர்கள் சண்டிகர் வரை கொண்டுபோய் இறக்குவார்கள். நான் ரயிலில் போய் எடுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். லாரி கிளம்புவதற்குள் செய்ய வேண்டியதை வரிசைப்படுத்தினேன். எஞ்சினுக்குள் செய்ய வேண்டியவை, சக்கரத்தில் செய்ய வேண்டியவை, அடித்தட்டில் செய்ய வேண்டியவை, காருக்குள் கையோடு வைத்திருக்க வேண்டியவை. மண்வாரி, கம்பளி, கயிறு, டார்ச், சக்கரத்துக்கு அடியில் போட ஒரு மூட்டை மணல். எதை எழுதினாலும் அதற்குக் கீழே இன்னொன்று முளைத்தது. எழுதிவிட்டால் மனம் அடங்கும் என்பது என் பழைய அனுபவம். அந்தத் தடவை அது பலிக்கவில்லை.

முதலில் கூனிமேட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனோம். பல வருஷம் துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் கார் பிறந்தது முதல் அவர் கையில்தான். தெர்மோஸ்டாட் வால்வைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"வால்வா?" பாய் சிரித்தார். "அத நான் எப்பவோ கழட்டிப் போட்டுட்டேனே பாப்பா."

"ஏன் கழட்டினீங்க?"

"ஏனா? இங்க அதுக்கு என்ன வேல? எஞ்சின் சூடாவற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வைக்கும். இங்க காலையில சாவி போடும்போதே எஞ்சின் சூடாத்தான் இருக்குது. அடைச்சுக்கிச்சுனா நடு ரோட்டுல பாயில் ஆயிடும். நான் துபாய்லயே அதத்தான் பண்ணேன்."

காருக்குள் சூடான காற்று வீசும் ஹீட்டருக்குப் போகும் குழாயையும் அவரே ஒரு போல்ட்டை வைத்து அடைத்திருந்தார். அதைக் கேட்டதற்கு, "இங்க எவன் ஹீட்டர் போடறான்?" என்றார். தப்பே இல்லை. எங்கள் கரையில் காருக்கு வரும் ஒரே நோய் சூடுதான். அதனால் சூட்டை உண்டாக்கும், காப்பாற்றும், உள்ளே அனுப்பும் எதுவானாலும் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். என் வேலை அதையெல்லாம் தேடிப்பிடித்துத் திரும்ப மாட்டுவது. வால்வு இல்லாத எஞ்சின் பனியில் சூடேறாது. ஹீட்டர் இல்லாமல் முன் கண்ணாடியில் படியும் உறைபனி விலகாது.

"நாங்க காலம் பூரா வண்டிய கூல் பண்ண சாவறோம். உங்க பொண்ணு வந்து சூடாக்குங்கறா," என்று பாய் அப்பாவிடம் சொன்னார். "சரிண்ணே, போட்டுத் தர்றேன். ஆனா திரும்ப இங்க கொண்டாந்தா மறுபடி கழட்டிடுவேன், சொல்லிட்டேன்."

அப்பா சிரித்தபடி தலையாட்டினார்.

வால்வு வந்தது. குழாயின் அடைப்பு எடுக்கப்பட்டது. பாட்டரியை மாற்றினேன். டயர்களை மாற்றினேன். ரேடியேட்டரில் இருந்த பழுப்புத் தண்ணீரை வடித்துவிட்டுப் குளிரில் உறையாத பச்சைக் கூலன்ட்டைக் காய்ச்சிய வடிநீரோடு சரிபாதி கலந்து நானே ஊற்றினேன். சக்கரத்தில் மாட்டும் சங்கிலிகளை வரவழைத்து, மழை விட்ட நேரத்தில் வாசலில் மாட்டிப் பழகினேன். பனியில் கையுறையோடுதான் மாட்ட வேண்டியிருக்கும் என்று ஆலையில் போடும் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டேன். கொக்கி கைக்குச் சிக்கவே இல்லை. அவிழ்த்தேன், மாட்டினேன், அவிழ்த்தேன்.

எதிர்வீட்டு அக்கா குடத்தோடு நின்று பார்த்தாள். "என்னாடி இது, வண்டிக்குக் கொலுசா?"

"வழுக்காம இருக்கக்கா."

"இங்க சேத்துலயே வழுக்குது. எங்க அந்தாளு காலுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் குடு. வெள்ளிக்கெழம குடிச்சிட்டு வந்தா வாசப்படி ஏற மாட்டேங்கறாரு."

அம்மா உள்ளேயிருந்து சத்தமாகச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

உறைபனியை நான் ஆலையின் குளிர் அறையில்தான் பார்த்திருக்கிறேன். சுவரிலும் குழாயிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதற்குள் நான் தினமும் போய் வந்தேன். ஆனால் வேலை முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்கு வந்துவிடலாம். அதனால் எதையும் சோதிக்காமல் நம்ப மனம் வரவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு கண்ணாடி பாட்டில்களில் சாம்பிள் எடுத்து அறையின் மூலையில் வைத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் என் கூலன்ட் கலவை, ஒன்றில் முன் கண்ணாடியைக் கழுவ இங்கே கடையில் விற்கும் திரவம். மறுநாள் கூலன்ட் உறையாமல் அப்படியே பச்சைத் தண்ணீராக இருந்தது. கண்ணாடி கழுவும் திரவம் ஐஸ்கூழாகிவிட்டது. அதற்கு வேறு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். வெறும் தண்ணீர் வைத்த பாட்டில் கழுத்திலிருந்து அடிவரை பிளந்து நின்றது.

கூலன்ட்டுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று அம்மா கேட்டிருந்ததால் பிளந்த பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோறு போடப் போய்விட்டாள். அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எஞ்சினும் இப்படித்தான் பொளந்துக்குமா?"

"வெறும் தண்ணி இருந்தா. அதான் மாத்திட்டேனேப்பா."

"நம்ம உப்புத்தண்ணி வச்சிருந்தா?"

"அது உறையாது. நல்லா டிகிரி ஏறிக் கெட்டியா இருந்தா மைனஸ் இருபது வரைக்கும்கூடத் தாங்கும். ஐஸ் பிளான்ட்ல அதத்தான ஓட்டறாங்க. மலையில ரோட்டுல ஐஸ் கட்டாம இருக்க உப்புதான் தூவுவாங்களாம்."

"அங்கயும் நம்ம சரக்குதானா?" அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா?" என்று அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொந்தக்காரர் அங்கே இருப்பது தெரியவந்த மாதிரி இருந்தது அவர் குரல்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மழை விடவில்லை. ஆலையில் என் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் காரின் ஹீட்டரைப் போட்டுப் பார்ப்பேன். அந்தப் புழுக்கத்தில், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, முகத்தில் சூடான காற்று அடிக்க உட்கார்ந்திருப்பேன். வியர்வை வழியும். வேலை செய்கிறது. இறங்குவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறி உட்காருவேன்.

லாரியில் ஏற்ற வேண்டியதற்கு முந்தின நாள் காலையில் கடைசியாக எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று பானெட்டைத் திறந்தேன். கூலன்ட் பாட்டிலின் மூடியைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. விரலால் தொட்டேன். சொரசொரவென்று உதிர்ந்தது. மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடியைத் திறந்தேன். பச்சை வெளுத்துப்போயிருந்தது.

அப்பா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா இதத் தொறந்தது?"

"நான்தான். மூடி சரியா மூடலியா?"

"என்ன ஊத்துன?"

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "உப்புத்தண்ணி. இருபத்திரண்டு டிகிரி. கொழாய வச்சுப் பாத்துட்டுதான் ஊத்துனேன். அந்தப் பச்சத் தண்ணிய மட்டும் நம்பி எப்படிப் போறது? வெறும் கலர் மாதிரி இருக்குது. கீழ பாதிய எறக்கிட்டு நம்மளுத ஊத்திட்டேன். எறக்குனதக்கூட வீணாக்கல, கேன்ல வச்சிருக்கேன். நல்லா கலக்கட்டும்னு உப்பளம் வரைக்கும் ஓட்டிட்டும் வந்தேன்."

உப்புத்தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் காட்டும் கண்ணாடிக் குழாய் அவரிடம் எப்போதும் இருக்கும். அதை மிதக்கவிட்டு, கோட்டைக் குனிந்து பார்த்து, சரியாகக் கலக்கியிருக்கிறார். கணக்கு தப்பவில்லை. அந்தத் தண்ணீர் நிச்சயம் உறையாது. ஆனால் சூடான எஞ்சினுக்குள் அலுமினியத்தையும் இரும்பையும் சுற்றி அது ஓடியிருக்கிறது.

"அப்பா, உப்பு இரும்பத் தின்னுடும்னு உனக்கா தெரியாது?"

"எனக்கா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தன பம்ப்செட்டு மாத்தியிருப்பேன், எத்தன சைக்கிளு! தெரியும். அதுக்காக ஒரேடியாவா தின்னுடும்? ஒரு சீசன் தாங்கும். உனக்கு ஒரு சீசன்தான வேணும்? குளுரு முடிஞ்சு மாசியில வந்துடப்போற. வந்ததும் பாய்கிட்ட விட்டுக் கழுவிக்கிட்டா போச்சு."

உப்பளத்தில் எல்லாமே ஒரு சீசனுக்குத்தான். பம்பு, சட்டி, வரப்பு எல்லாம் மழைக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும். என் வேலைக்கும் அவர் அந்தக் கணக்கையே போட்டிருக்கிறார். வேலைக் கடிதம் வந்த அன்று ஊர், சம்பளம், தங்கும் இடம் எல்லாம் பேசினோம். எத்தனை காலம் என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானும் எடுத்துச் சொல்லவில்லை.

"முதல்ல இதக் கழுவணும்," என்றேன்.

எங்கள் போர் தண்ணீரும் உப்புதான். அதைக்கொண்டு கழுவிப் பிரயோசனம் இல்லை. அம்மா எதுவும் கேட்காமல் கடைக்குப் போன் செய்து குடிநீர் கேன்களை வரவழைத்தாள். அடியில் திறந்து எல்லாவற்றையும் வடித்தோம். கேன் தண்ணீரை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, சூடேறி வால்வு திறந்ததும் நிறுத்தி, ஆறவிட்டு வடித்தோம். மறுபடியும் ஊற்றினோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் பேனா போன்ற மீட்டர் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் எண் இறங்கியது. பிறகு இறங்குவது மெதுவானது. பிறகு ஒரு இடத்தில் நின்றுகொண்டு அசைய மறுத்தது.

அப்பா வடிந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்குக்குக் கொண்டுபோனார்.

"வாயில வைக்காதப்பா! கூலன்ட் விஷம்!" அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"கரிக்குதான்னு பாக்கறேன்."

"ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்குதா?" என்று அம்மா கத்தினாள். "அவ மெஷின் வச்சுப் பாக்கறா. நீங்க என்ன, கொழம்புக்கா ருசி பாக்கறீங்க?"

மதியம் பாய் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு காரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"யா அல்லா! அண்ணே, ரேடியேட்டர்ல ஊறுகாயா போட்டீங்க?"

அப்பா சிரிக்கவில்லை. பாய் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். குழாயை அழுத்திப் பார்த்தார். இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பின் ஓரத்தில் அதற்குள்ளாகவே துரு பூத்திருந்தது.

"கழுவினது போதும். வண்டி ஓடும். இந்தக் குளுருக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா உள்ள எங்க ஒட்டிக்கிட்டு இருக்குதுன்னு சொல்ல முடியாது. அடுத்த குளுருக்கு நான் கேரண்டி குடுக்க மாட்டேன்."

"அடுத்த குளுரு எதுக்கு?" என்றார் அப்பா. "அதுக்குள்ளதான் வண்டி இங்க வந்துடுமே."

பாய் என்னைப் பார்த்தார். அம்மாவும் கையில் காலி கேனோடு என்னைப் பார்த்தாள்.

"இது ஒரு சீசன் வேலை இல்லப்பா," என்றேன். "பர்மனென்ட்."

வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம். கிரீஸ் கையோடு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பாய் முன்னால் சொல்லும்படி ஆகிவிட்டது. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். குவியலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மழைத்தூறலில் இறங்கி நடந்தார். குடை வாசலிலேயே சாய்ந்திருந்தது.

நானும் பாயும் அடுத்து என்ன என்று பேசினோம். ரேடியேட்டரையே மாற்றிவிடுவது நல்லது. புதியது புதுச்சேரியில் சொல்லிவைத்தால்தான் வரும். அதுவரை லாரி நிற்காது. லாரியை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் வேலையில் சேரும் நாளை மாற்ற முடியாது. கழுவிய வண்டியை அப்படியே நாளை ஏற்றிவிடலாமா? ஒரு வளைவில், கீழே பள்ளம் தெரியும் இடத்தில், சூடு காட்டும் முள் மேலே ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். மீட்டரை மறுபடியும் தண்ணீரில் வைத்தேன். அதே எண். வாசலிலிருந்து தெருமுனை வரை போனேன், வந்தேன். பாய் இரண்டு டீ குடித்துவிட்டார்.

அப்பா முழுக்க நனைந்து திரும்பி வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே கையை நீட்டினார். "சாவியக் குடு."

"எதுக்குப்பா?"

"நீ ரயிலேறு. வேலையில போய்ச் சேரு. பெரிய பனி விழ இன்னும் நாளிருக்குதுன்னு நீதான சொன்ன? அதுவரைக்கும் பஸ்ல போ. வண்டிய சரிபண்ணி நான் ஏத்தி அனுப்பறேன்."

"அவருகிட்டயா விட்டுட்டுப் போற?" என்றாள் அம்மா. "இந்த வாட்டி என்னத்த ஊத்துவாரோ."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. அவர் கை நீட்டியபடியே இருந்தது. சாவியைக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து ரயிலேறினேன். அந்தப் பயணத்தில் நான் என் பெர்த்தில் இருந்த நேரம் குறைவு. லாரிக்காரர்களுக்குப் பேசினேன். கிடங்கு மேலாளருக்குப் பேசினேன். கூலன்ட்டும் வடிநீரும் எந்த அளவு என்று அப்பாவுக்கு அனுப்பினேன். போர் தண்ணீரைக் கலக்கக்கூடாது என்று தனியாக அனுப்பினேன். வேறு எதையும் சேர்க்கக்கூடாது என்று இன்னொன்று. மூன்றையும் பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. ரேடியேட்டர் கழற்றிய இடம் ஓட்டையாகத் தெரியும் ஒரு படம் மட்டும் வந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவருகே போய் நின்றேன். திரும்பி வந்தேன். எதிர் சீட்டுப் பெரியவர், "ஏம்மா, எறங்கற எடம் வந்துடுச்சா?" என்று கேட்டார். இன்னும் ஒரு நாளுக்கு மேல் பாக்கி இருந்தது.

விஜயவாடா தாண்டியபின் அப்பா கூப்பிட்டார். பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம். பாயின் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறார்.

"ரேடியேட்டரு வந்துடுச்சு. மாட்டிட்டாரு."

"சரிப்பா."

"இந்த ரப்பர் கொழாயெல்லாம் இருக்குதில்ல, அதையும் மாத்தணுமாம். அதுல ரெண்டு தினுசு இருக்குதாம். சாதாரணது இங்கயே இருக்குது. ரெண்டு வருஷம் ஓடும்ங்கறாரு. கம்பெனிது ஆர்டர் போட்டு வரவழைக்கணும். அது ஆறு, ஏழு வருஷம் ஓடுமாம்." நிறுத்தினார். "எது போடட்டும்? நீதான் சொல்லணும்."

ரயில் ஏதோ பாலத்தில் ஏறியிருந்தது. கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவ்வளவு சத்தம். பாலம் முடியும்வரை அவரும் போனை வைக்கவில்லை.

"கம்பெனிது போடுப்பா," என்றேன்.

அவர் போனை விலக்கி, "பாய், கம்பெனிதே போடு," என்று உரக்கச் சொல்வது கேட்டது. பாய் என்னவோ கேட்டார். "ஆமா, எல்லாத்துக்கும்தான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ஹீட்டருக்குப் போறது ரெண்டும்," என்றார் அப்பா. பெயர்களையெல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு என்னிடம், "வர நாலஞ்சு நாள் ஆவும், பரவால்லியா?" என்று கேட்டார்.